அலுமினிய எஞ்சின் பாகங்களில் மரை சீரமைப்பு

அலுமினிய எஞ்சின் பாகங்களில் மரை சீரமைப்பு என்பது, அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்ட எஞ்சின் உறை, சிலிண்டர் தலை, பற்சக்கரப் பெட்டி முதலியவற்றில் ஆணி பூட்டும் துளையின் உள்மரை தேய்ந்தோ பிய்ந்தோ போன பின், அத்துளையை மீண்டும் ஆணி தாங்கும் நிலைக்குக் கொண்டுவரும் பட்டறைத் தொழில்நுட்பம் ஆகும். எஃகு ஆணி வலியது. அது நுழையும் அலுமினியம் மெலியது. ஆகவே இவ்விணைப்பில் அழிவது பெரும்பாலும் மலிவான ஆணியன்று, விலை மிகுந்த வார்ப்பே. 6 மில்லிமீட்டர் ஆணி ஒன்றின் பிடி போனதற்காக முழு உறையையும் மாற்ற நேர்வதைத் தவிர்ப்பதே இத்தொழில்நுட்பத்தின் பயன். முறையாகச் செய்த சீரமைப்பு மூலத் துளையைவிட வலுவாக அமையக்கூடும். முறையின்றிச் செய்ததோ, மறுமுறை முயல்வதற்குத் தேவையான உலோகத்தையும் தின்றுவிடும்.

இக்கட்டுரையில் வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளுடன் தொடர்புடைய இரு பொறிகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள். மற்றொன்று காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் பொருத்தப்படும் வெளிப்பொருத்து எஞ்சின்.

பெயரும் வழக்கும்

திருகாணியின் உடலைச் சுற்றிச் செல்லும் வரியை மரை அல்லது புரி என்பர். ஆணியின் மீதுள்ளது வெளிமரை. துளைக்குள் உள்ளது உள்மரை. அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தொலைவு மரையிடை எனப்படும். சென்னைப் பட்டறைகளில் 'மரை', 'திரெட்' ஆகிய இரு சொற்களும் வழங்குகின்றன. ஆணி பிடிப்பின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் 'மரை போய்விட்டது' என்றோ 'மரை கழன்றுவிட்டது' என்றோ கூறுவர். நிலையின்றிப் பேசுபவரை 'மரை கழன்ற ஆள்' என்று கேலி செய்யும் பேச்சுவழக்கையும் இங்கு நினைவுகூரலாம். எவ்வளவு திருகினாலும் இறுகாத ஆணியைக் கண்டவருக்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். உள்மரை வெட்டும் கருவி டேப் எனப்படும். வெட்டுவதை 'டேப் அடித்தல்' என்பர்.

வடசென்னைப் பின்னணி

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடலோரமாக அமைந்த இப்பகுதி, இந்திய ஊர்தித் தொழிலின் தொடக்க இடங்களுள் ஒன்று. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955இல் அது அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கித் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் வாங்கப்பட்டன. 1962 முதல் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. பின்னர் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் அந்நிறுவனத்தின் பெரிய ஆலைகள் தொடங்கப்பட்டன.

இவ்வாலைகளைச் சார்ந்தும் துறைமுகத்தைச் சார்ந்தும் எழுந்தவையே இப்பகுதியின் சிறு லேத்துப் பட்டறைகள். பெரிய லாரி எஞ்சின்களிலும் விசைப்படகு எஞ்சின்களிலும் சிலிண்டர் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு என்பதால் அவற்றில் மரை எளிதில் போவதில்லை. இக்கட்டுரையின் பொருள் அவற்றைப் பற்றியதன்று. எடை குறைய வேண்டும், வெப்பம் விரைந்து வெளியேற வேண்டும் என்னும் இடங்களிலெல்லாம் அலுமினியம் வருகிறது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகினது ஏறத்தாழ 7.85 கிராம். ஒருவரோ இருவரோ தூக்கிச் சென்று படகில் மாட்ட வேண்டிய எஞ்சினை இரும்பில் வார்க்க இயலாது.

மரை ஏன் போகிறது

முதற்காரணம் மிகை இறுக்கம். 8 மி.மீ. ஆணி ஒன்றை 25 நியூட்டன் மீட்டர் (ஏறத்தாழ 2.5 கிலோகிராம் மீட்டர்) திருப்புவிசையில் இறுக்கினால், அது இரு பாகங்களையும் சுமார் 15,000 நியூட்டன் விசையுடன், அதாவது ஒன்றரை டன் எடைக்கு ஈடாக, அழுத்துகிறது. அவ்வளவு விசையையும் ஏந்துபவை துளைக்குள்ளிருக்கும் சில மரைகளே. அவையும் சமமாக ஏந்துவதில்லை. வாயோரத்து முதல் மரை மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சுமையைத் தாங்குகிறது. உள்ளே செல்லச் செல்லப் பங்கு குறைகிறது. ஆகவே மரை பிய்வது வாயிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உள்நோக்கிப் பரவும். எஃகுத் துளையில் ஆணியின் விட்டத்தளவு ஆழம் மரை பற்றினால் போதும். அலுமினியத்தில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை வேண்டும் என்பது வடிவமைப்பாளர் கொள்ளும் பொதுவிதி. ஆணி தொலைந்து, அதைவிடக் குட்டையான ஆணியைப் போட்டவுடனேயே இவ்விதி மீறப்பட்டுவிடுகிறது.

கை அளவில் இதனைப் பார்க்கலாம். உறைகளில் வரும் 6 மி.மீ. ஆணிக்குச் சுமார் ஒரு கிலோகிராம் மீட்டர் திருப்புவிசை போதுமானது. 25 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியை நான்கு கிலோ எடைக்கு ஈடாக அழுத்தினாலே அவ்வளவு கிடைத்துவிடும். லாரிச் சக்கரத்தின் நட்டு கழற்றிப் பழகிய கைக்கு நான்கு கிலோ என்பது ஓர் அழுத்தமாகவே தோன்றாது. ஸ்பானரின் மேல் குழாயைச் செருகி நெம்பும் வழக்கம் அலுமினியத்தில் அறவே கூடாது. மரையில் எண்ணெய் தடவியிருந்தால் உராய்வு குறைந்து, அதே திருப்புவிசையில் அழுத்தும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கையேட்டில் தரப்படும் அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்குரியது.

இரண்டாவது காரணம் வெப்பம். ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு அலுமினியம் பத்து இலட்சத்தில் 23 பங்கு நீளும். எஃகு 12 பங்குதான் நீளும். 40 மி.மீ. கனமுள்ள அலுமினியத்தை எஃகு ஆணி பிணைத்திருக்க, எஞ்சின் 100 பாகை சூடேறினால் இரண்டின் நீட்சிக்கும் இடையிலான வேறுபாடு 0.04 மி.மீ. இது மிகச் சிறிதெனத் தோன்றும். ஆனால் மேற்கூறிய 25 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் அந்த ஆணி நீள்வதே சுமார் 0.08 மி.மீ. தான். எனவே எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு முறையும் மரையின் மீதுள்ள சுமை கணிசமாகக் கூடி, ஆறும்போது குறைகிறது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மரை இத்தகைய ஏற்ற இறக்கத்தில் போய்விடுகிறது. சூடான எஞ்சினில் ஆணியைக் கழற்றலாகாது என்று மூத்த மெக்கானிக்குகள் எச்சரிப்பதும் இதனாலேயே.

மூன்றாவது காரணம் அளவு மயக்கம். பழைய புல்லட்டுகளில் இது குறிப்பாகக் காணப்படும். அவ்வண்டியின் வடிவமைப்பு பிரித்தானிய அங்குல அளவு மரைகளைக் கொண்டது. பிற்காலத்தில் மெட்ரிக் மரைகளும் கலந்தன. கால் அங்குல பி.எஸ்.எஃப். மரையின் விட்டம் 6.35 மி.மீ., மரையிடை அங்குலத்திற்கு 26, அதாவது 0.977 மி.மீ. மெட்ரிக் 6 மி.மீ. ஆணியின் மரையிடை 1 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கால் அங்குலத் துளைக்குள் 6 மி.மீ. ஆணி தங்கு தடையின்றிச் செல்லும். பொருந்திவிட்டதாகவே கைக்குத் தோன்றும். ஆனால் விட்டத்தில் 0.35 மி.மீ. குறைவாக இருப்பதால் ஆணியின் மரை, துளையின் மரையை உச்சியோரம் மட்டுமே பற்றுகிறது. பக்கக் கோணமும் வேறு: பிரித்தானிய மரைக்கு 55 பாகை, மெட்ரிக் மரைக்கு 60 பாகை. இறுக்கும்போது உச்சிகள் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

5/16 அங்குலத்திலும் 8 மி.மீ.யிலும் நடப்பது இதற்கு மாறானது. விட்டம் இரண்டிற்கும் கிட்டத்தட்ட ஒன்று (7.94 மி.மீ., 8 மி.மீ.). மரையிடையோ 5/16 பி.எஸ்.எஃப்.பில் 1.155 மி.மீ.; 8 மி.மீ. ஆணியில் 1.25 மி.மீ. இரண்டு மூன்று சுற்று எளிதாகச் சென்றபின் ஆணி முட்டும். அங்கே நிறுத்தாமல் ஸ்பானர் போட்டுத் திருப்பினால், எஃகு தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போகும், பழைய மரையை அழித்தபடி. கடையில் 'புல்லட் ஆணி' என்று கேட்டு வாங்குவதைவிட, மரைமானி எனப்படும் பல்வரிசைத் தகட்டை வைத்துப் பார்த்து வாங்குவதே நன்று. மெட்ரிக் மரைகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4218 ஆகும்.

கோணலாக நுழைத்தல் நான்காவது காரணம். ஆணியை முதல் மூன்று சுற்றுகளேனும் விரலாலேயே திருக வேண்டும் என்பதற்கு மேல் இதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.

உப்பு

ஐந்தாவது காரணம் உப்பு. கடலோரப் பகுதியில் இதைத் தனியே கூற வேண்டியுள்ளது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் 1984இல் செயற்பாட்டுக்கு வந்தது. விசைப்படகுகளோடு, சிறு தொழில் மீனவர்களின் படகுகளும் இவ்வட்டாரக் கரைகளிலிருந்து செல்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. அவற்றோடு சிறு எஞ்சின்களும் பெருகின.

இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். எஃகும் அலுமினியமும் அவ்வாறு சேரும்போது கரைவது அலுமினியம். துருப்பிடிக்காத எஃகு ஆணியைப் போட்டால் ஆணி பளபளப்பாகவே இருக்கும்; அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் அரிப்பு குறையாது, கூடவும் கூடும். அரிப்பில் உண்டாகும் வெண்பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரையிடுக்கில் அது நிறைந்து ஆணியை இறுக்கிவிடும். பின்னர்க் கழற்றும்போது இரண்டிலொன்று நடக்கிறது: ஆணி முறிகிறது, அல்லது மரையைத் தன்னோடு உரித்துக்கொண்டு வெளிவருகிறது.

வெளிப்பொருத்து எஞ்சினின் அடிப்பகுதியில், சுழலிக்கு மேலே, பற்சக்கரப் பெட்டி நீருக்குள்ளேயே இருக்கும். அதன் எண்ணெயை வடிக்கும் ஆணியின் மரை போனால், எண்ணெய் வெளியேறும், கடல்நீர் உட்புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது நீர் கலந்ததன் அறிகுறி. கரையில் கண்டுபிடித்தால் இது ஒரு நாள் வேலை. கண்டுபிடிக்காமல் சென்றால், பற்சக்கரம் கடித்து நிற்பது கடலில். துடுப்போ பாயோ இல்லாத படகில் எஞ்சின் நின்றால் காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் செல்வதைத் தவிர வழியில்லை. இதனாலேயே இவ்வாணியைப் பசை வைத்தோ நூல் சுற்றியோ ஒப்பேற்றிக் கடலுக்குச் செல்வது ஆபத்தானது எனக் கருத வேண்டும்.

அரிப்பைத் தடுக்க எஞ்சினில் துத்தநாகத் துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது அலுமினியத்திற்கு முன் தான் கரைந்து அலுமினியத்தைக் காக்கும். அதன்மேல் சாயம் பூசினால் பயனில்லை. கரை திரும்பியதும் நன்னீரில் எஞ்சினை ஓட்டிக் கழுவுதல் சிறந்த பாதுகாப்பு. குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பல காலம் கண்ட பகுதியில் இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது. ஆணி பூட்டும்போது தடவும் பொருளிலும் கவனம் தேவை. செம்புத்தூள் கலந்த பசையும் காரீயகக் கிரீசும் சாலையில் ஓடும் வண்டிகளில் பயன்படுகின்றன. ஆனால் செம்பும் காரீயகமும் உப்புநீரில் அலுமினியத்தை அரிக்கத் தூண்டுபவை. படகு எஞ்சினுக்கு அவற்றைத் தவிர்த்துக் கடல் பயன்பாட்டுக்குரிய நீர்புகாக் கிரீசையே பூச வேண்டும்.

சீரமைப்புக்கு முன்

மரை முழுவதும் போய்விட்டதா, வாயோரத்து இரண்டு மூன்று மரைகள் மட்டும் போயினவா என்று முதலில் பார்க்க வேண்டும். துளையில் இன்னும் ஆழம் இருந்து, அடியில் பயன்படாத மரைகள் இருந்தால், சற்று நீளமான ஆணியே போதும். வேறெந்த முறையையும்விட இது எளிது. ஆயினும் ஆணி துளையின் அடியில் முட்டாதவாறு அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். அடியில் முட்டிய ஆணி இறுகியதுபோலத் தோன்றும், பாகத்தையோ அழுத்தாது. மேலும் திருகினால் வார்ப்பு விரியும். துளைக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும்போது ஆணியை இறுக்கினாலும் எண்ணெய் போக இடமின்றி வார்ப்பு வெடிக்கக்கூடும். கோணலாகி மடங்கிய மரையை மட்டும் அதே அளவு டேப் விட்டு நிமிர்த்தலாம்.

ஹெலிகாயில்

இன்று மிகுதியும் பயன்படும் முறை, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, அதனுள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி வைப்பதாகும். ஹெலிகாயில் என்பது உண்மையில் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். இப்போது எல்லா உற்பத்தியாளரின் சுருளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான எஞ்சின்களின் இலகு உலோக வார்ப்புகளில் இது பரவலாக இடம்பெற்றது. அங்கே இது பழுது நீக்கும் வழியாக மட்டுமன்றி, புதிய வார்ப்பிலேயே மென்மையான உலோகத்தின் மரையை வலுப்படுத்தும் வழியாகவும் அமைந்தது. இன்றும் பல புதிய எஞ்சின்களில் ஆலையிலேயே சுருள் வைக்கப்படுகிறது. எனவே சுருள் இருப்பதாலேயே ஒரு பாகம் பழுதானது என்று கொள்ளலாகாது.

சுருளின் கம்பி துருப்பிடிக்காத எஃகாலானது. குறுக்குவெட்டில் வைர வடிவம் கொண்டது. ஆகவே சுற்றியபின் அதன் வெளிப்பக்கமும் உட்பக்கமும் மரையாகவே அமைகின்றன. வெளிப்பக்கம் அலுமினியத்தில் பொருந்த, உட்பக்கம் ஆணியின் மூல அளவையே தருகிறது. இதுவே இம்முறையின் சிறப்பு: பழைய ஆணியே மீண்டும் பொருந்தும், எதிர்ப்பாகத்தின் துளையை மாற்ற வேண்டியதில்லை. சுருளின் தளர்நிலை விட்டம் துளையைவிடச் சற்றுப் பெரியது. திருகும்போது அது சுருங்கி உட்சென்று, பின் விரிந்து சுவரை அழுத்தி நிற்கும். கம்பி நெகிழ்வதால் சுமை எல்லா மரைகளுக்கும் முன்னைவிடச் சீராகப் பகிரப்படுகிறது. வெளிவிட்டம் பெரிதாவதால் அலுமினியத்தில் பற்றும் பரப்பும் கூடுகிறது. மூலத் துளையைவிட வலுவாக அமையலாம் என்று மேலே கூறியதன் காரணம் இதுவே.

வேலை செய்யும் முறை வருமாறு. பழைய மரையின் எச்சத்தை டிரில் கொண்டு நீக்க வேண்டும். 6 மி.மீ. ஆணிக்கு 6.3 மி.மீ., 8 மி.மீ. ஆணிக்கு 8.3 மி.மீ., 10 மி.மீ. ஆணிக்கு 10.4 மி.மீ. டிரில் பொருந்தும், எனினும் வாங்கிய தொகுப்பில் குறிக்கப்பட்ட அளவே முடிவானது. இங்கே நேர்குத்துத்தான் எல்லாம். கையில் பிடித்த டிரில் ஒரு பாகை சாய்ந்தாலும், 40 மி.மீ. நீள ஆணியின் மறுமுனை 0.7 மி.மீ. விலகி நிற்கும், மேல்மூடியின் துளையோடு சேராது. இயன்றவரை பாகத்தைக் கழற்றி, நிலையான டிரில் எந்திரத்தில் வைத்தே துளையிட வேண்டும். கழற்ற இயலாவிட்டால், நேராகத் துளையிட்ட தடித்த இரும்புத் துண்டு ஒன்றை வழிகாட்டியாகத் துளைமேல் இறுக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, சுருளுக்குரிய தனி டேப்பால் மரை வெட்ட வேண்டும். இது சாதாரண டேப்பன்று. இதன் வெளிவிட்டம், ஆணியின் விட்டத்தோடு மரையிடையின் 1.3 மடங்கைக் கூட்டினால் வரும் அளவு. 8 மி.மீ. ஆணிக்கு அது 9.6 மி.மீ. ஆகும், மரையிடை மட்டும் மாறாமல் 1.25 மி.மீ. ஆகவே இருக்கும். அலுமினியம் வெட்டும்போது கருவியில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. மண்ணெண்ணெய் விட்டு வெட்டுவது பழைய பட்டறை வழக்கம்; இன்றும் அது நன்கு பயன்படுகிறது. அரைச்சுற்று முன், கால்சுற்றுப் பின் எனத் திருப்பிப் பிசிறை உடைத்துக்கொண்டே செல்ல வேண்டும். பின் காற்றால் ஊதித் துளையைத் துடைத்துவிட வேண்டும்.

சுருளின் அடிமுனையில் குறுக்காக மடிக்கப்பட்ட நாக்கு ஒன்று உண்டு. செருகுகோல் அந்நாக்கைப் பற்றிச் சுருளை இழுத்துச் செல்லும். மேலிருந்து அழுத்தித் தள்ளினால் சுருள் மரை தாவிவிடும். ஆகவே அழுத்தாமல் திருக மட்டுமே வேண்டும். சுருளின் மேல்முனை பரப்பிலிருந்து கால் முதல் அரை மரையிடை வரை கீழே நிற்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஆணி அதைப் பற்றி வெளியே இழுத்துவிடும். இறுதியாக நாக்கைச் சிறு கம்பியால் தட்டி முறிக்க வேண்டும். ஊடுதுளைகளில் முறிந்த நாக்கை வெளியே எடுப்பது கட்டாயம். எஞ்சினுக்குள் விழுந்த எஃகுத் துண்டு, போன மரையைவிடப் பெரிய செலவை வைக்கும். கடல் பயன்பாட்டில் சுருளுக்கும் அலுமினியத்திற்கும் இடையிலும் மேற்கூறிய மின்னரிப்பு நிகழும் என்பதால், நீர்புகாக் கிரீசு தடவியே சுருளைத் திருக வேண்டும்.

புஷ் போடுதல்

சுருள் தொகுப்புகள் எளிதாகக் கிடைக்காத நாட்களிலும் லேத்துப் பட்டறைகள் இவ்வேலையைச் செய்தே வந்தன. துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி, வெளியிலும் உள்ளிலும் மரை கொண்ட எஃகு அல்லது பித்தளைக் குழல் ஒன்றைக் கடைந்து திருகுவதே அம்முறை. இதனைப் 'புஷ் போடுதல்' என்பர். சுருளைவிட இது தடிமன் மிகுந்தது. ஆகவே துளையைச் சுற்றிப் போதிய உலோகம் இருக்க வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டும் ஆணிகளுக்கு, எண்ணெய் வடிக்கும் ஆணி போன்றவற்றிற்கு, சுருளைவிடப் புஷ்ஷே ஏற்றது என்பது பலர் கருத்து. ஆணியோடு சேர்ந்து சுற்றாமலிருக்க, புஷ்ஷின் வெளிமரையில் மரைபூட்டும் பசை இடுவர், அல்லது விளிம்பில் சிறு முள் இறக்குவர். ஆலையில் செய்யப்பட்ட மெல்லிய சுவர்ப் புஷ்களும், முள்ளோடு கூடிய புஷ்களும் இப்போது விற்கப்படுகின்றன. கடலில் செல்லும் பாகத்திற்குப் பித்தளைப் புஷ் கூடாது. பித்தளையில் பெரும்பகுதி செம்பே.

அங்குல மரைத் துளைகளுக்கு இம்முறைக்குத் தனிப் பயன் உண்டு. பி.எஸ்.எஃப். சுருள்களைத் தேடி அலைவதைவிட, வெளியே மெட்ரிக் மரையும் உள்ளே அங்குல மரையும் கொண்ட புஷ்ஷைக் கடைந்துகொள்வது எளிது. பழைய புல்லட்டின் மூல ஆணிகளைக் காக்க விரும்புவோர் இவ்வழியையே நாடலாம்.

பிற முறைகள்

துளையை அடுத்த பெரிய அளவுக்கு டேப் அடித்துப் பெரிய ஆணி போடுவது எல்லாரும் அறிந்தது. மலிவானது, விரைவானது. ஆனால் எதிர்ப்பாகத்தின் துளையையும் பெரிதாக்க வேண்டும். விளிம்பு மெலிந்தால் வார்ப்பு விரியும். அடுத்த முறை போக இடமிராது. கீழே பெரிய மரையும் மேலே மூல அளவும் கொண்ட படி ஸ்டட் கடைந்து போட்டால் எதிர்ப்பாகத்தைத் தொடாமலே தப்பிக்கலாம்.

விளிம்பே உடைந்து போயிருந்தால் ஆர்கான் வெல்டிங் முறையில் துளையை அலுமினியத்தால் நிரப்பி, சமப்படுத்தி, மீண்டும் துளையிட்டு மரை வெட்டுவர். எண்ணெயில் ஊறிய பழைய வார்ப்பு எளிதில் ஒட்டாது. வெல்டில் நுண்துளைகள் விழும். வெப்பத்தால் பாகம் வளையவும், வெப்பப் பதனிட்ட உலோகம் மென்மையாகவும் கூடும். எனவே வெல்டு செய்த பரப்பை மீண்டும் சமன் செய்வதும், புதிய துளையில் சுருளையும் சேர்த்து வைப்பதும் நல்லது.

இரும்புத்தூள் கலந்த இருபகுதிப் பசையால் துளையை நிரப்பி ஆணியைப் பதித்தல், ஆணியின் மேல் செப்புக் கம்பி சுற்றித் திருகுதல், அலுமினியத் தகடு நறுக்கி வைத்தல் முதலியவையும் வழக்கத்தில் உள்ளன. தூசி மூடி போன்ற சுமையற்ற பாகத்திற்கு வேண்டுமானால் பசை பொருந்தும். சிலிண்டர் தலை, எண்ணெய் வடிக்கும் ஆணி, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி ஆகியவற்றில் இவை சீரமைப்பு ஆகா. கம்பி சுற்றிய ஆணி அன்று இறுகும். எஞ்சினின் அதிர்வில் சில நாட்களில் தளரும்.

தீப்பொறிச் செருகியின் துளை

மோட்டார் சைக்கிள்களில் மிகுதியும் கெடும் துளை இதுவே. பரவலான செருகிகளின் விட்டம் 14 மி.மீ., மரையிடை 1.25 மி.மீ. மரைப்பகுதியின் நீளம் 12.7 மி.மீ., 19 மி.மீ. என இருவகையாக மிகுதியும் காணப்படும். குட்டைச் செருகியை நீளத் துளையில் போட்டால் அடி மரைகளில் கரி படிந்து, பின்னர் உரிய செருகியைத் திருகும்போது மரை கெடும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் பிஸ்டனை இடிக்கக்கூடும். புதிய வளையத்துடன் கூடிய செருகியை விரலால் இறுதிவரை திருகியபின் ஸ்பானரால் அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும்.

இத்துளையில் கம்பிச் சுருளைவிடத் திடப் புஷ்ஷே சிறந்தது. சுருள் சில வேளை செருகியோடு சேர்ந்து கழன்று வரும். செருகியின் வெப்பம் மரை வழியாகவே தலைக்குக் கடத்தப்படுவதால் பொருத்தம் நெருக்கமாக இருப்பதும் முக்கியம். வாயுக்கசிவும் கவனிக்கத்தக்கது. தலையைக் கழற்றிச் செய்வதே முறை. கழற்றாமல் செய்ய நேர்ந்தால், டேப்பின் வெட்டுவாய்களில் கிரீசை அப்பி, ஓரிரு சுற்றுக்கொருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் பிசிறை அகற்ற வேண்டும். முடிவில் வெளியேற்று வால்வு திறந்த நிலையில் காற்றை ஊதி எஞ்சியதை வெளியேற்றலாம். சிலிண்டருக்குள் பனியன் வேஸ்ட் அடைத்துவிட்டு எடுக்க மறப்போரும் உண்டு.

ஆணி உள்ளே முறிந்திருந்தால்

உப்பேறிய எஞ்சினில் மரையைச் சீரமைக்கும் முன் முறிந்த ஆணியை எடுப்பதே பெரும் வேலையாகிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருத்தல், சுற்றியுள்ள அலுமினியத்தை மிதமாகச் சூடேற்றுதல், நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நட்டு ஒன்றை வெல்டு செய்து திருப்புதல் என்ற வரிசையில் முயல்வர். எஃகைவிட அலுமினியம் மிகுதியாக விரிவதால் வெப்பம் இங்கே துணை நிற்கிறது. ஆனால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காமலேயே உருகும் உலோகம் என்பதால் சுடரை ஓரிடத்தில் நிறுத்தக்கூடாது. ஆணியின் நடுவில் துளையிட்டு, இடமரை கொண்ட பிடுங்கியைச் செருகித் திருப்புவதும் உண்டு. அது உள்ளேயே ஒடிந்தால் நிலைமை மோசமாகும். கடினப்படுத்திய எஃகாதலால் சாதாரண டிரில் அதில் ஏறாது. டிரில் நடுவிலிருந்து விலகி அலுமினியத்திற்குள் சரிந்துபோவதும் அடிக்கடி நிகழும், ஏனெனில் அது மென்மையான பக்கத்தையே நாடும். முடிவில் எஞ்சுவது மின்பொறி அரிப்பு முறை. அச்சு செய்யும் பட்டறைகளிலுள்ள எந்திரத்தில் பாகத்தைத் திரவத்தில் ஆழ்த்தி, செம்பு அல்லது காரீயக மின்முனையால் ஆணியை மட்டும் சிறிது சிறிதாக அரித்தெடுப்பர். மணிக்கணக்காகும். மையம் சரியாகப் பிடிக்கப்பட்டால் மூல மரையின் மீது கீறல்கூட விழாது. ஆணியின் எச்சம் மெல்லிய சுருளாக உரிந்து வரும்.